காலியாக விட்ட கட்டம்

சென்ற மாதம் பள்ளியை விட்டு விலகியபோது நான் ஒப்படைத்தவை மூன்று: ஆய்வகச் சாவிக்கொத்து, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பதிவேடு, மாணவர் புகார்ப் பதிவேடு. என் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ரஹ்மத் டீச்சர் முதல் இரண்டையும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மூன்றாவதை நின்ற இடத்திலேயே புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"கனி டீச்சர், இது ஒங்க கையெழுத்துதான? ஒங்க தப்ப நீங்களே எழுதி வச்சிருக்கிய?"

"ஆமா."

"நானா இருந்தா அந்தத் தாளயே கிழிச்சிருப்பேன்."

அதில் தாளைக் கிழிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு முத்திரை வைத்திருக்கிறது என்றேன். "அப்போ கதையச் சொல்லிட்டுப் போங்க" என்று பிடித்துக்கொண்டார். கயத்தாறு பக்கம் அரசுப் பள்ளியில் மறுநாள் நான் சேர வேண்டும். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். வேலையை நினைத்துப் பார்த்து எழுதுவதெல்லாம் ஓய்வு பெற்றவர்களின் காரியம். எனக்கு முப்பத்து மூன்று வயதுதான். ஆனாலும் ஒன்பது வருடம் ஒரே பள்ளியில் இருந்துவிட்டுப் படி இறங்கியபோது ஒரு ஓய்வு போலத்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா உடன்குடிப் பக்கம் பனை ஏறியவர். பிறகு தூத்துக்குடி வந்து ஒரு குடோனில் காவலாளி. அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தாள். என் ரேங்க் கார்டில் அவள் விரல் ரேகைதான் இருக்கும். நான் விலங்கியலும் பி.எட்.டும் முடித்து வேலையில் சேர்ந்த அன்று, அம்மா பள்ளி வாசல் வரை வந்தாள். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். "இவ்ளோ பெரிசுக்குள்ளயா நீ போய்ப் பேசப்போற?" என்று கேட்டாள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. மறைக்க விரும்பவில்லை. இந்தக் கதையில் என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

எங்கள் தலைமையாசிரியை பிலோமினா டீச்சர் புன்னைக்காயல்காரர். குள்ளமான உருவம். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். நான் சேர்ந்த முதல் வருடம் சாம்பல் புதன் அன்று அதைப் பார்த்தேன். அன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் காலைப் பூசை முடித்து, சாமியார் நெற்றியில் இட்ட சாம்பலோடு வகுப்புக்கு வருவார்கள். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த கணக்கு சார் அதை அழுக்கு என்று நினைத்துவிட்டார். "மூஞ்சி கழுவாம கூட வருவீங்களா?" என்று பத்துப் பன்னிரண்டு பேரைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகள் அழாத குறையாக வரிசையில் நின்றார்கள்.

பிலோமினா டீச்சர் அந்தப் பக்கம் வந்தார். என்ன ஏது என்று கேட்டார். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

கணக்கு சார் ஓடி வந்தார். "மேடம், நீங்க எதுக்கு?"

"என் நெத்தியிலயும் இருக்கே சார். என் முறை வரட்டும், கழுவுதேன்."

சார் அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தார். வகுப்புக்குள் திருநீறு பூசிய பையன்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அவர் அனுப்பவில்லை. அதையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் நல்ல மனிதர். வரிசையிலிருந்த ஒவ்வொரு பிள்ளையையும் தானே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

அடுத்த வாரம் ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி ஏறியது. தவக்காலம், ரமலான் நோன்பு, குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போடும் நாட்கள் எல்லாம் அதில் குறித்திருந்தன. விழா கொண்டாடுவதற்காக அல்ல. நோன்பு வைத்த பிள்ளையை நண்பகல் வெயிலில் ஓட விடாமல் இருப்பதற்காக. வெறுங்காலோடு வருகிறவனை ஷூ எங்கே என்று கேட்காமல் இருப்பதற்காக. ஒரு பள்ளிக்கூடத்தை இப்படி நடத்த முடியும் என்பதே எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

புகார்ப் பெட்டியும் அவர் வைத்ததுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில், சீட்டுப் போடுகிறவர் யார் என்று எந்த வகுப்பிலிருந்தும் தெரியாத மூலையில் அது இருந்தது. இரண்டு பூட்டு, இரண்டு ஆசிரியர்களிடம் ஒவ்வொரு சாவி. பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்: நாள், யாருக்கு நடந்தது, பிள்ளை தன் வாயால் சொன்னது, நாம் செய்தது, முடிவு. நான்காம் வருடம் ஒரு சாவியை என் கையில் கொடுத்தார். அம்மாவிடம் காட்டினேன். "பீரோ சாவியா?" என்றாள். அதைவிடப் பெரியது என்றேன்.

இனி அந்தப் பக்கத்தின் கதை. பையனுக்கு முத்து என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. அதிகம் பேச மாட்டான். முந்தைய வருடம் அவன் அம்மாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். அவள் பிழைத்து எழுந்தால் குலசை முத்தாரம்மனுக்கு மூன்று வருடம் பெண் வேடம் போடுவதாக அவன் நேர்ந்திருந்தான். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. தசரா வந்தால் காளி, குரங்கு, குறவன், போலீஸ் என்று ஊரே வேடத்தில் நிற்கும். வேடம் போட்டவர்கள் மேளத்தோடு தெருத் தெருவாகக் காணிக்கை வாங்கிப் பத்தாம் நாள் கோயிலில் செலுத்துவார்கள். அவன் அம்மா பிழைத்தாள். முதல் வருடம் பாவாடை தாவணி கட்டி, பூ வைத்து அவன் போய் வந்தான். இது இரண்டாம் வருடம். ஆவணி கடைசியில் மாலை போட்டு வெறுங்காலோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான்.

பிலோமினா டீச்சர் கண் ஆபரேஷனுக்காக இரண்டு வாரம் விடுப்பில் இருந்தார். இன்னொரு சாவிக்காரரோடு நான் பெட்டியைத் திறந்தபோது ஒரு சீட்டு. கையெழுத்து ஒரு பெண்பிள்ளையுடையது, பெயர் இல்லை. "ஒன்பது அ-வில் முத்துவின் மாலையைப் பிடித்து இழுக்கிறார்கள். ரெக்ஸும் இன்னும் இரண்டு பேரும்." அவ்வளவுதான்.

மாலை என்ற சொல்லைப் படித்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ரெக்ஸ் திரேஸ்புரத்துக் கத்தோலிக்கப் பையன். முத்து மாலை போட்டவன். வெளியே தெரிந்தால் ஊர்ப் பிரச்சினை, மதப் பிரச்சினை. இந்தக் கடற்கரையில் வாத்தியாராக இருக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். சண்டை பெரிதாகும் முன் கையைச் சேர்த்து வைத்துவிட வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது, நானே மெச்சிக்கொண்ட யோசனை. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் மத நல்லிணக்க நாடகம். ரெக்ஸுக்குச் சாமியார் அங்கி. அவன் கூட்டாளிகளில் வெள்ளிதோறும் ஜும்மாவுக்குப் போகிற பையனுக்குத் தொப்பி. முத்துவுக்கு அவன் மாலையும் திருநீறும். வசனம் நான் எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன்.

"இப்போது சகோதரர்கள் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்!" என்று மைக்கில் சொன்னேன். ரெக்ஸ் முத்துவை இறுக்கிக் கட்டிக்கொண்டான். பள்ளியே கைதட்டியது. யாரோ படம் எடுத்தார்கள். நான் பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: "இரு மதத்தைச் சேர்ந்த மாணவர்களிடையே சிறு கருத்து வேறுபாடு. சமாதானம் செய்யப்பட்டது." முடிவு என்ற கட்டத்தில் "சுமுகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை முத்து வரவில்லை. செவ்வாயும் புதனும் வரவில்லை. காலாண்டுத் தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது.

வியாழக்கிழமை பிலோமினா டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினார். பதிவேட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"ஏளா கனி, இதுல முத்து எங்க இருக்கான்?"

எனக்குப் புரியவில்லை.

"மூணாவது கட்டம். அவன் என்ன சொன்னான்?"

"நான்... கேக்கல டீச்சர்."

"சீட்டுல மாலைய இழுத்தாவன்னு இருக்கு. மதச் சண்டைன்னு எங்க இருக்கு?"

அவர் குரல் இன்னும் இறங்கியது. "அந்த மூணாவது பையன் யாரு?"

பெயரைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவனுடைய தாய்மாமா வருடா வருடம் குலசைக்குக் குரங்கு வேடம் போடுகிறவர். மூன்று வீட்டுப் பையன்கள், மூன்று சாமி. இதில் எந்த மதத்தோடு எந்த மதத்தை நான் சமாதானம் செய்தேன்?

அவர் திட்டவில்லை. குடையை எடுத்தார். "வா" என்றார்.

முத்து திரேஸ்புரத்தில் அவன் சித்தப்பா வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் இருந்தான். படகுகளுக்குப் போகும் ஐஸ் பாளங்களை மரச் சுத்தியால் உடைத்துக்கொண்டிருந்தான். தரை முழுக்க உருகிய தண்ணீர். மற்றவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மாலை போட்டவன் செருப்பு அணியக் கூடாது என்பதால் அவன் மட்டும் வெறுங்காலில் நின்றான். பாதம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. படித்தவள் என்ற நினைப்போடு போன நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதின்மூன்று வயதில் கொடுத்த வாக்கை ஒருவன் ஐஸ் மேல் நின்று காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

"கால் மரத்துப் போவாதால?" என்று கேட்டார் டீச்சர்.

"பழகிட்டு டீச்சர்."

"இது பழகிட்டு. பள்ளிக்கோடம் பழகலையா?"

அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "மறுபடியும் மேடை ஏறணுமா டீச்சர்?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். டீச்சர் சொன்னார்: "வகுப்புக்கு வரவேண்டாம். நாளைக்கு ஒரு மணி நேரம் ஒங்கம்மாவோட வா. நீ பேசணும், நாங்க கேக்கணும். அம்புட்டுதான்."

மறுநாள் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், ரஹ்மத் டீச்சருக்குப் பயன்படும். மேசையை ஓரமாகத் தள்ளினார். நாற்காலிகளை எதிரெதிரே போடாமல், இரண்டையும் ஜன்னல் பார்க்கச் சாய்வாகப் போட்டார். பேசுகிறவன் எங்கள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டியதில்லை. கதவு திறந்திருந்தது. அவன் அம்மா வராந்தாவில், பார்வைக்குத் தெரியும்படி, பேச்சு எட்டாத தூரத்தில். எழுதுவது நான். கேட்பது அவர். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டது இரண்டே கேள்வி: "என்ன நடந்துது?", "அப்புறம்?" ஒரு தடவைகூட "ஏன்" என்று கேட்கவில்லை. அவன் பேச்சு நின்றால் அவரும் நின்றார். ஒருமுறை சுவர்க்கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிற்று. நான் பேனாவை அசைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அசைவதை நிறுத்தினேன்.

அந்த நான்கு நிமிடத்துக்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. போன வருட வேடப் படம் ரெக்ஸின் போனுக்கு எப்படியோ வந்திருக்கிறது. அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டியருகே மூவரும் அவனைச் சுற்றி நிற்பார்கள். மாலையைப் பிடித்து இழுத்து, பெண்பிள்ளையை 'ஏளா' என்று கூப்பிடுவது போல, "ஆடிக் காட்டுளா" என்பார்கள். ஆடும்வரை விடமாட்டார்கள். கழிப்பறைக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் காலையிலிருந்து மாலைவரை அவன் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். இப்படிப் பதினேழு நாள்.

"அப்புறம்?"

"மேடையில கட்டிப் பிடிக்கச் சொன்னாவல்லா. அப்போ ரெக்ஸ் காதுல ஏளான்னான். எல்லாரும் கைதட்டுனாவ."

அந்த வரியை என் கையால் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே கனமான வரி அது.

தனித்தாளில் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "கேலி செய்தார்கள்" என்று ஓரிடத்தில் போட்டிருந்தேன். அவன் நிறுத்தினான். "கேலி இல்ல டீச்சர். ஆட வச்சாவ." அடித்துவிட்டு அவன் சொன்னதையே எழுதினேன். டீச்சர் கடைசியாகக் கேட்டார்: "என்ன செஞ்சா நீ வருவ?"

"என்னய வேற வகுப்புக்கு மாத்தாதிய. நான் ஒண்ணும் செய்யல. பரீட்சைக்கு வாரேன். தசரா கழிச்சு வாரதுதான் சொல்ல முடியாது. இந்த வருசமும் வேசம் போடணும். மறுபடி போட்டோ எடுப்பானுவ."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இந்த வருஷம் போலீஸ் வேசம் போட்டா என்னப்பா?" என்றேன்.

"நேந்தது பொம்பள வேசம் டீச்சர்" என்றான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான்.

மூன்று பையன்களையும் தனித்தனியாகக் கேட்டோம். மூன்று வீட்டாரையும் தனித்தனியாக அழைத்தோம். ரெக்ஸின் அம்மா மீன் ஏலம் முடித்து நேராக வந்தார். வரும்போதே கோபம். "பயலுவ விளையாடிருக்கானுவ. நாங்க வேதக்காரவங்கன்னுதான எங்கள இழுக்கிய? எழுதுங்க, நல்லா எழுதுங்க!"

"மதத்தப் பத்தி ஒரு எழுத்து எழுதல. வாசிக்கேன், கேளுங்க" என்றார் பிலோமினா டீச்சர். முத்துவின் சொற்களை முதல் வரியிலிருந்து வாசித்தார். தண்ணீர் குடிக்காத இடம் வந்ததும் அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வாசித்து முடித்ததும் மெல்லக் கேட்டார்: "எதுக்கு அந்த வேசம் போட்டானாம்?"

"அவுக அம்மா ஆபரேஷனுக்கு நேந்தது."

அவர் மகனைப் பார்த்துத் திரும்பினார். "ஏலே, நேர்ச்சையால அது? ஒங்கப்பா கடல்ல காணாமப் போயி மூணு நாள் வராதப்ப நான் மாதா கோயிலுக்கு முட்டிபோட்டுப் போனேன்லா. அன்னைக்கு எவனாவது என்னய ஆடுன்னு சொல்லிருந்தா ஒனக்கு எப்படி இருந்திருக்கும்?"

ரெக்ஸ் அழுதான். நாங்கள் அதை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. படங்கள் மூன்று போன்களிலிருந்தும் பெற்றோர் முன்னிலையில் அழிக்கப்பட்டன. நாடகப் படம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இருந்தது. அதை நீக்கியது நான். மூவரும் வெவ்வேறு பிரிவுகளுக்குப் போனார்கள், முத்து தன் இடத்திலேயே இருந்தான். தண்ணீர்த் தொட்டியருகே இடைவேளைதோறும் ஓர் ஆசிரியர் நிற்பது என்று முடிவாயிற்று. முதல் மாதம் என் பெயரை நானே எழுதிக்கொண்டேன்.

பதிவேட்டில் என் பழைய பதிவை அடித்துவிடலாமா என்று கேட்டேன். "அடிக்கக் கூடாது. கீழ எழுது" என்றார். எழுதினேன்: "மேலே உள்ள பதிவு தவறு. மாணவரிடம் கேட்காமல் எழுதினேன். அவரை மேடை ஏற்றியது நான்." ரஹ்மத் டீச்சர் விரல் வைத்தது அந்த வரியில்தான். புதிய பதிவில் நான்கு கட்டங்களை நிரப்பினோம். ஐந்தாவதற்கு வந்ததும் டீச்சர் பேனாவை மூடினார். "அது இப்ப எழுதுறதில்ல. அவன் வந்தப்புறம் எழுதணும்."

முத்து தேர்வு எழுதினான். பள்ளி விடுமுறை விட்டது. தசரா ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, காலை பத்து மணிக்கு எங்கள் தெருவுக்குள் மேளம் வந்தது. அம்மா காணிக்கைத் தட்டோடு வாசலுக்குப் போனவள், தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கை கூப்பினாள். நான் எட்டிப் பார்த்தேன். பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி, இடுப்புவரை சவுரி, காதில் ஜிமிக்கி, கண்ணில் நீள மை. வெயிலில் வெறுங்காலோடு ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்து நின்றாள். யாரிடமும் எதற்கும் கூசாத நிற்பு அது. தெருவில் போன வண்டிகள்கூட ஒதுங்கிப் போயின. அம்மா குனிந்து நெற்றியைக் காட்டினாள். அந்தக் கை திருநீறு இட்டது. பிறகு மை தீட்டிய கண்கள் என் பக்கம் திரும்பின.

"டீச்சர், தொறந்ததும் மொத நாளே சயின்ஸ் பேப்பர் குடுத்துருவியளா?"

குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஆள் தெரிந்தது. குடுத்துடுவேன் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. அம்மா என்னைக் கேட்டாள்: "அம்மன் ஒன்னய டீச்சர்ங்காளே, ஏளா?"

பள்ளி திறந்த அன்று ஒன்பது அ-வில் வருகைப் பதிவு எடுத்தேன். முத்து என்று அழைத்தேன். "உள்ளேன் டீச்சர்" என்று கை உயர்ந்தது. வேடத்துக்குப் பூசிய சிவப்பு நகச்சாயம் ஐந்து விரலிலும் அப்படியே இருந்தது. நாற்பது பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவன் கையைச் சட்டென்று இறக்கவும் இல்லை. நான் அடுத்த பெயரைப் படித்தேன்.

இடைவேளையில் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பதிவேடு மேசைமேல் திறந்தே இருந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. ஐந்தாவது கட்டத்தில் ஒரு சொல் எழுதினேன்.

"வந்தான்."